காதுக்குள் கேட்ட குரல்

டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறேன். ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸுக்கு ரசிகனாவதைத் தவிர வேறு கதி இல்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் பற்றிப் பேச்செடுத்தாலே, "கோச் சொல்றதைச் செய்வான், அவ்வளவுதான்" என்பான் கூட வேலை செய்யும் நண்பன். பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2016 டிராஃப்டில் முதல் ஆளாக ராம்ஸ் அணி எடுத்தது காஃபைத்தான். அந்த வருடம் தொடக்க வீரராக இறங்கிய 7 ஆட்டங்களிலும் தோல்வி. மறு வருடம் 30 வயது ஷான் மெக்வே கோச்சாக வந்தார். அதே காஃப் 28 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார்.

ரகசியம் ஹெல்மெட்டுக்குள் இருந்தது. கோச்சின் குரல் குவார்ட்டர்பேக் காதில் கேட்கும். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கத் தரும் நேரத்தைக் காட்டும் பிளே கிளாக்கில் 15 விநாடி இருக்கும்போது கட்டாகிவிடும். மெக்வே ஆட்களை முன்கூட்டியே வரிசையில் நிறுத்தி, எதிரணித் தடுப்பைத் தானே பார்த்து, காதில் ஓதிவிடுவார்.

2019 பிப்ரவரி சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் எதிரணி பேட்ரியாட்ஸ் இந்த வித்தையைக் கண்டுகொண்டது. குரல் அடங்கியதும் தடுப்பை மாற்றியது. மூன்றாம் குவார்ட்டரில் டச்டவுன் எல்லையான எண்ட் ஸோனில் ராம்ஸின் பிராண்டின் குக்ஸ் தன்னந்தனியாக நிற்கிறார். காஃப் பார்க்கிறார், ஆனால் லேட்டாக. பந்து வந்து சேர்வதற்குள் பேட்ரியாட்ஸின் ஜேசன் மெக்கோர்ட்டி எங்கிருந்தோ ஓடி வந்து தட்டிவிட்டார். 13-3 தோல்வி. கை பழுதில்லை, தானாக முடிவெடுத்துப் பழக்கமில்லை என்பது என் கட்சி.

2021-ல் எங்கள் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்காக ராம்ஸ் தன் டிராஃப்ட் உரிமையில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளை எங்களுக்குக் கொடுத்தது. அதோடு வந்த கொசுறுதான் காஃப்.

இங்கே தாக்குதல் ஆட்டத்தை வகுத்த கோச் பென் ஜான்சன் செய்தது எளிய காரியம். உனக்கு எந்தப் பிளே, அதாவது எந்த ஆட்டத் திட்டம், பிடிக்கும், எது பிடிக்காது என்று காஃபிடமே உட்கார்ந்து கேட்டார். அதைச் சுற்றி ஆட்டத்தை அமைத்தார். 2022-ல் 29 டச்டவுன், எதிரணி கையில் சிக்கிய இன்டர்செப்ஷன் 7 மட்டுமே.

2024 ஜனவரியில் அதே ராம்ஸ், தோற்றால் வெளியே என்ற பிளேஆஃப் சுற்றில் ஆட எங்கள் அரங்கமான ஃபோர்டு ஃபீல்டு வந்தது. அரங்கமே காஃப் பெயரைக் கத்துகிறது. 24-23 என்று நாங்கள் முன்னிலை, கடைசி இரண்டு நிமிடம். எறிந்த பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும், ராம்ஸுக்கு நேரம் மிஞ்சும். பயந்த கோச் பந்தை எறியாமல் கையில் கொண்டு ஓடவிட்டிருப்பார். இவர்கள் காஃபை எறியச் சொன்னார்கள். ஆமன்-ரா செயின்ட் பிரவுன் பிடித்தார், 11 யார்டு. பந்து எங்களிடமே தங்கியது. 32 வருடத்தில் எங்கள் முதல் பிளேஆஃப் வெற்றி! லாக்கர் ரூமில் தலைமைக் கோச் டான் கேம்பெல் எல்லார் முன்னாலும், டெட்ராய்ட்டுக்கு நீ போதும் என்று காஃபிடம் சொன்னார்.

ஜான்சனை 2025-ல் சிகாகோ பியர்ஸ் தலைமைக் கோச்சாகக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அங்கே குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸுக்கு யோகம், இங்கே எங்களுக்கு வயிற்றெரிச்சல்.