ஈடு பண்ணின வேலை

தப்பு என்னுடையதுதான். அழைப்பிதழை வாசித்துக் காட்டியவள் நான்.

பல்கலைக்கழகத்தில் ஆசியவியல் துறை என்று ஒன்று இருக்கிறது. அவ்வப்போது பொதுச் சொற்பொழிவு நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது. ஏசி அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் எட்டுப் பேர் பேச்சாளரின் மாணவர்கள், இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். சீனாவில் குவான்சோ என்ற துறைமுக ஊரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே கேட்டுத்தான் தெரியும். சமோசாவும் நன்றாக இருக்கும்.

கூட்டம் வராததில் அலுத்துப்போய், இந்தத் தடவை அவர்களே ஜனங்களிடம் வருவதாக முடிவு. எங்கள் வியாசர்பாடிப் பக்கம் ஒரு காலேஜ் ஹாலை வாங்கிவிட்டார்கள். தலைப்பு, 'பர்மாத் தமிழர்: புலப்பெயர்வும் இழப்பும்'.

அத்தை ரங்கூனில் பிறந்தவர். பத்து வயதில் கப்பல் ஏறி வந்தவர். அவருக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? வாட்ஸப்பில் வந்ததைச் சத்தமாக வாசித்தேன். அந்நேரம் பார்த்து அம்மா மிக்ஸியைப் போட்டார். என் வாயிலிருந்து 'இழப்பும்' என்று கிளம்பியது, தேங்காய்ச் சட்னியைத் தாண்டி அத்தை காதுக்குப் போய்ச் சேரும்போது 'இழப்பீடும்' என்று ஆகியிருக்கிறது. எனக்கு இது அப்போது தெரியாது.

"இன்னிக்காவது கண்ணைத் தொறந்தானுங்களே" என்றார் அத்தை. சொற்பொழிவில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் நான் ஆபீஸில் இருக்கும்போது போன். "ஏம்மா, ஒரிஜினல் வேணுமா, ஜெராக்ஸ் போதுமா?" பென்ஷன் சமாச்சாரம் என்று நினைத்து, "ரெண்டு செட் எடுத்து வெச்சிக்கோ அத்த" என்றேன். அந்த வாரம் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்தபோதெல்லாம் ஏன் அப்படிச் சிரித்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் ஹாலில் நாற்காலி போட்டிருந்தது நாற்பது. உட்கார்ந்தும் நின்றும் இருந்தது நூறுக்கு மேல். பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள். எல்லார் மடியிலும் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் காகிதம். பேராசிரியர் காரை விட்டு இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தவர், கல்யாண மண்டபத்துக்குள் தவறி வந்துவிட்டோமோ என்று மறுபடி வெளியே போய் பேனரைப் படித்துவிட்டு வந்தார். ஒருங்கிணைப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "துறை வரலாற்றிலேயே இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்ல" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் ஏற்பாடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வாசலில் ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஜனங்கள் பெயர், தகப்பனார் பெயர், ரங்கூன் விலாசம், கடையின் நீளம் அகலம் எல்லாம் சொன்னார்கள். பாவம், நல்ல பெண், ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். 'குறிப்பு' என்ற கட்டத்தில் 'தையல் மிஷின் 2, கறவை மாடு 1, கன்றுடன்' என்று இருந்ததை நானே பார்த்தேன். அங்கேயே எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது.

பேச்சு தொடங்கியது. முதல் படம் பகான் கல்வெட்டு. மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், 13-ஆம் நூற்றாண்டில், பர்மாவின் பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த சேதி. பல ஊர் வணிகர்கள் சேர்ந்து வைத்திருந்த கோயிலாம் அது. பேராசிரியர் ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டிக்காட்டிப் படித்தார்.

எனக்குப் பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "குடுத்தவன் லிஸ்ட்ட மொதல்ல படிக்கிறாரு. வாங்கிக்கிறவன் லிஸ்ட்டு அப்பால வரும். பொறு."

அப்போதுதான் எனக்கு மிக்ஸி ஞாபகம் வந்தது.

அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். முதல் வரிசையில், பட்டுப்புடவையில், எங்கள் தாத்தாவின் எஃப்.ஆர்.சி. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பர்மாவில் வெளிநாட்டவராகப் பதிந்துகொண்டவர்களுக்குக் கொடுத்த புத்தகம் அது. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா? நூறு பேருக்கு நடுவிலா? எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. சமோசா வாசனை வேறு வர ஆரம்பித்திருந்தது.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி வந்தது, செட்டியார்கள் வட்டிக்குப் பணம் கொண்டுபோனார்கள், அறுப்புக்கும் ஆலைக்கும் இங்கிருந்து ஆள் போனது என்று பேராசிரியர் கடகடவென்று போனார். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்றதும் ஹாலில் ஒரு சந்தோஷ முனகல். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஜனங்கள் காடும் மலையுமாக நடந்தே வந்த கதையைச் சொன்னபோது ஒரு பையும் சரசரக்கவில்லை. என் பக்கத்திலிருந்த பாட்டி, "எங்க பெரிப்பா கெளம்பினாரு. வந்து சேரல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு 1964. ராணுவத் தளபதி நே வின்னின் அரசு கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று... பேராசிரியர் இந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. மூன்றாவது வரிசையில் ஒரு தாத்தா எழுந்து, மடித்து மடித்துக் கிழியும் நிலையிலிருந்த 100 சாட் நோட்டைத் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். ஐந்து நிமிடம் ஹால் முழுக்க நோட்டு. "2016-ல எல்லாரும் ஏடிஎம் வாசல்ல அழுதப்ப எங்களுக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நாங்க சின்ன வயசுலயே பார்த்துட்டோம் சார்" என்றார் தாத்தா. பேராசிரியர் தன் பேச்சுக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, செல்போனில் படமெடுக்க ஆரம்பித்தார். அவர் படமெடுத்ததுதான் வினை. நோட்டு பதிவாகிறது என்று வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி நேரம். அத்தைக்கு மைக் போயிற்று.

"சயா, தமீன் சாபீபீலா?" என்றார்.

பர்மிய மொழியில், வாத்தியாரே, சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பேராசிரியர் முகம் மலர்ந்து, "சாபீபீ" என்றார். ஆச்சு என்று. முன்வரிசை பூராவும் விழுந்து விழுந்து சிரித்தது. உச்சரிப்பு அப்படியாம். இவ்வளவு படித்தவர் பச்சைப்புள்ள மாதிரி பேசுகிறாரே என்று அத்தைக்கு அவர்மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது. அந்தப் பிரியத்தோடுதான் கேட்டார்.

"கோயிலுக்கு ஒருத்தரு கதவு குடுத்தாருன்னு சொன்னீங்க. எழுநூறு வருசத்துக் கதவுக்கு உங்ககிட்ட கணக்கு இருக்குது. எங்க நைனா மொகல் ஸ்ட்ரீட்டுல பருப்புக் கடை வெச்சிருந்தாரு. அதுக்கும் கதவு இருந்துச்சு. தேக்குக் கதவு. பட்டாளத்துக்காரன் வந்து சாவிய வாங்கிக்கினான். அந்தக் கதவுக்கு எவ்ளோ போட்டிருக்கீங்க?"

எழுந்த கைதட்டலில் பேராசிரியர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அதில் வாரே கிடையாது, ரப்பர் செருப்பு.

"அம்மா, நாங்க வரலாறு எழுதுறவங்க. பணம் கொடுக்கிற இடம் இல்ல" என்றார் அவர், மெதுவாக.

"இது எந்த டிபார்ட்மென்ட்டு?"

"ஆசியவியல்."

"ரெவின்யூ இல்லியா?"

"இல்லைங்கம்மா."

ஹாலில் ஒரு பெருமூச்சு. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வந்தது வந்தோம், காட்டிவிட்டாவது போவோம் என்று மேடைக்கு வரிசை கட்டிவிட்டார்கள். பேராசிரியர் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கவரையும் பிரித்துப் பார்த்தார். கப்பல் டிக்கெட், கடை ரசீது, ரங்கூன் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் போட்டோ. ஏழரை மணிக்கு ஹாலைப் பூட்ட வந்த வாட்ச்மேன் தன் மாமியாரைக் கூட்டிவர வீட்டுக்கு ஓடினார்.

ஐம்பது சமோசா எப்போதோ தீர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற, பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோக் கடைக்காரர் ஒருவர், தன் கவரைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் போய், இரண்டு தூக்கு நிறையக் கொண்டுவந்தார். ஒன்றில் அத்தோ, இன்னொன்றில் வாழைத்தண்டு சூப். பேராசிரியர் தட்டை வாங்கிக்கொண்டு, "அத்தோங்கிறது பர்மியச் சொல்தான். 'அதோக்'னா பிசைஞ்சது, கலந்தது" என்று தொடங்கினார்.

"பேரு இன்னாவா இருந்தா இன்னா சார். மொறுமொறுன்னு பொரிச்ச பேஜோவ நொறுக்கிப் போட்டாத்தான் அத்தோ. மொதல்ல துன்னுங்க" என்றார் கடைக்காரர்.

கிளம்பும்போது பேராசிரியர் சொன்னார். இந்தக் காகிதங்களையெல்லாம் அடுத்த மாதம் மெஷின் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணி வைக்கிறோம், தொலைந்துபோகாமல் இருக்கும், அவ்வளவுதான் எங்களால் முடியும். அத்தை பொறுமையாகத் தலையாட்டினார். எனக்கும் நிம்மதி. விஷயம் எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வீட்டில் மிக்ஸிகூட ஓடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா என் தோளைத் தட்டினார்.

"நீதான கண்ணு அந்த பர்மா ஆபீசுப் பொண்ணு? ஸ்கேன் ஆன ஃபைலுக்குத்தான் மொதல்ல குடுக்கறாங்களாம், உங்க அத்த சொல்லிச்சு. அதுக்கு ஆதார் லிங்க் பண்ணணுமா?"