சுவாமிமலை வார்ப்புப் பட்டறை: கட்டட நாட்குறிப்பு

2025 ஜனவரி 9

முகப்பில், சிலைக்குப் பின்னால் வருகிற திருவாசி வளைவு வைக்கலாமா என்பதுதான் முதல் கூட்டத்தின் முதல் கேள்வி. தள்ளிவைத்தாயிற்று. சிலை செய்கிற இடத்தைச் சிலை மாதிரியே கட்டினால் பொருட்காட்சிப் பந்தல் ஆகிவிடும். மெழுகில் உரு பிடித்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் வேலை. அது நகர்கிற வரிசையிலேயே அறைகள்: மெழுகு, மண் பூச்சு, நிழல் உலர்த்தல், உருக்கு, செதுக்கு, துலக்கல், கடைசியில் விற்பனைக் கூடம்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு, சித்திரை வெயிலில் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் மெழுகறை வடக்கே. 14 அங்குலச் செங்கல் சுவர், மேலே மெட்ராஸ் தளம் (மரக்கட்டைகளின் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை), அதன்மேல் தட்டோடு. பிடித்த உருவை அவ்வப்போது குளிரவைக்கத் தரையோடு ஒட்டி 3 அடிக்கு 2 அடியில் கல்தொட்டி.

ஜனவரி 21

வரைபடத்தில் ஜன்னல் எல்லாம் வழக்கம்போல் 3 அடி உயரத்தில். தப்பு. செதுக்கு வேலை தரையில் உட்கார்ந்து, உருவைக் காலால் அணைத்துப் பிடித்துச் செய்வது. உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து இரண்டரை அடியில்தான் இருக்கிறது. 3 அடி ஜன்னல் வெளிச்சம் அவர் தலைக்குமேல் போய் எதிர்ச்சுவரில் விழும். அடிக்கட்டையை 1 அடிக்கு இறக்கியாயிற்று. வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் உளியின் நிழல் உளி முனையிலேயே விழும்.

இன்னொன்று: வேலைத் தரையை ஒன்றரை அடி திண்ணையாக உயர்த்தி, பார்வையாளர் நடையைக் கீழே விட்டோம். வருகிறவர்கள் வேலை செய்பவரின் உச்சந்தலையைப் பார்க்க வேண்டியதில்லை. கையைப் பார்க்கலாம்.

பிப்ரவரி 4

உலை எங்கே? இங்கே ஆனியிலிருந்து தென்மேற்குக் காற்று, ஐப்பசியிலிருந்து வடகிழக்கு. தென்கிழக்கு மூலையில் வைத்தால் முதல் காற்றில் புகை கிழக்கு வேலியோரமாகப் போகும், இரண்டாவதில் தெற்கு வேலியோரமாக. இரண்டிலும் கட்டடத்தின் மேல் வராது. அக்னி மூலை என்று சொன்னதும் வாஸ்து பார்க்கிறவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். கோடையில் மாலைக் கடல்காற்று வீசும்போது மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். அந்த மாதங்களில் வார்ப்பைக் காலையிலேயே முடிக்க வேண்டியதுதான்.

கூரை உச்சியில் புகைத் திறப்பு உண்டு, ஆனால் உலோகம் உருக்கும் மூசைக்கு நேர் மேலே அல்ல, 5 அடி தள்ளி. மழைச்சொட்டு ஒன்று உருகிய உலோகத்தில் விழுந்தாலும் தெறிக்கும்.

மார்ச் 12

சிலைகளுக்கான உத்தம தசதால அளவுமுறைப்படி, அளவெடுக்கும் ஓலையை 124 பங்காகப் பிரித்து வாசல் உயரம் எடுத்துப் பார்த்தோம். அளவு அழகாக வந்தது, செங்கல் வரிசையோடு சேரவில்லை. வரிசைக்கு ஒரு செங்கல்லை வெட்ட வேண்டியிருந்தது. கூடத்தின் மரத்தூண்களுக்கு மட்டும் ஓலை அளவு, சுவர்களுக்குச் செங்கல் அளவு.

ஏப்ரல் 28

வார்ப்புக் குழி தோண்டியாயிற்று, 4 அடி. அடிமண் பொடிப்பொடியாக உதிர்கிறது. சுற்றிலும் கான்கிரீட் தளம் போடக் கொத்தனார் தயார், வேண்டாம் என்று நிறுத்தினோம். சுமார் 1,100 டிகிரியில் உலோகம் சிந்தினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி மேல்பரப்பு சில்லுச் சில்லாகப் பறக்கும். நெட்டுக்குத்தாகப் பாவிய செங்கல், மேலே 4 அங்குலம் காய்ந்த மணல்.

ஜூலை 8

ஏப்ரலில் குழியைப் பார்த்து ஏமாந்தது இப்போது தெரிகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தது, 15இல் கல்லணை. வாய்க்காலில் தண்ணீர் ஓடி மூன்று வாரம். குழியில் 3 அடிக்குக் கீழே சுவர் கறுத்துக் கிடக்கிறது, உள்ளங்கையை வைத்தால் சில்லென்கிறது. அடியில் போட்ட மணலைப் பிடித்தால் உருண்டை நிற்கிறது. இதில் அச்சை இறக்கினால், காயவைத்த மண் மறுபடி ஈரம் குடிக்கும். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அதிர்ஷ்டம் இருந்தால் சிலையில் ஓட்டை, இல்லையென்றால் அச்சு வெடிக்கும்.

தீர்வு: உலைக்கூடத் தரையை இரண்டரை அடி உயர்த்துவது. குழியின் ஆழம் அதே 4 அடி, பழைய மண்மட்டத்துக்குக் கீழே ஒன்றரை அடிதான். நீர் புகாத கான்கிரீட் பெட்டி, உள்ளே 250 மைக்ரான் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் 6 அங்குல மணல், பிறகு செங்கல். ஒவ்வொரு வார்ப்புக்கும் முந்தின நாள் குழிக்குள் வறட்டி மூட்டிச் சுட வைப்பது.

உயர்த்தியதால் வண்டி ஏறச் சரிவு வேண்டும். 12க்கு 1 என்றால் 30 அடி நீளம், இருக்கிற இடமோ 18 அடி. எடைக் கணக்கு: உள்ளே கூடில்லாத கன வார்ப்பில் மெழுகின் எடையைப் போல் ஒன்பது மடங்கு உலோகம், உலோகம் ஊற்றும் வழிகளுக்கும் சேர்த்துப் பத்தாகவே வைத்துக்கொள்ளலாம். 12 கிலோ மெழுகு உருவுக்கு 120 கிலோ. மண்ணும் கம்பிக்கட்டும் சேர்ந்தால் 300ஐத் தொடும். சரிவை விட்டுவிட்டு, 1 டன் செயின் பிளாக் (சங்கிலித் தூக்கி) ஓடும் உத்தரத்தை மேடைக்கு வெளியே 6 அடி நீட்டினோம். அச்சு கீழிருந்தே தூக்கில் ஏறும்.

ஜூலை 24

மெழுகின் மேல் முதலில் சலித்த வண்டல், பிறகு மணல் கலந்த மண், கடைசியில் முரட்டுப் பூச்சு. அதே வரிசையை மாதிரிச் சுவரில் போட்டுப் பார்த்ததில் பத்து நாளில் பாளம் பாளமாக உரிந்தது. அச்சுக்கு முகம் உள்ளே, சுவருக்கு வெளியே. மெல்லிய பூச்சின் மேல் வலுவானது காயும்போது கீழே இருப்பதையும் பிடுங்கிக்கொண்டு வரும். இப்போது திருப்பிப் போட்டிருக்கிறோம்: 12 மில்லிமீட்டர் முரட்டுச் சுண்ணாம்பு, மேலே 6, கடைசியில் 3 நுண்பூச்சு.

ஆகஸ்ட் 19

துலக்கல் அறைக்குக் கடப்பா கல் வந்து இறங்கியது, திருப்பி அனுப்பியாயிற்று. கடப்பா சுண்ணாம்புக்கல், புளித்தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெளுக்கும். கிரானைட்.

கூடத்தில் ஏசி 26க்குக் கீழே வேண்டாம். 20இல் குளிர்ந்த சிலை, கதவு திறந்து ஐப்பசிக் காற்று பட்டதும் வியர்க்கும். அந்த ஈரத்தில் பளபளப்பு மங்கும்.

நிலைப்படி இல்லாத வாசல் மங்கலமில்லை என்கிறார்கள். நிலைப்படி இருந்தால் சிலை வண்டி ஏறாது. தலைவாசலில் படி இருக்கட்டும். சிலை போய்வர மேற்குப் பக்கம் 5 அடி இரட்டைக் கதவு, தரையோடு தரையாக.