சொட்டுச் சொட்டாகப் போன நரம்பு

மாமா ஊரிலிருந்து வந்து 18 நாள் ஆகிறது. எங்கள் வீட்டுக் குழாய்களை அவரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாமல் போயும் அதே 18 நாள் ஆகிறது. குழாய், ஊறுகாய் ஜாடி, சின்னவளின் தண்ணீர் பாட்டில் என்று எதுவாக இருந்தாலும், திருகக்கூடியதாக இருந்துவிட்டால் போதும், பிரளயமே வந்தாலும் அசையாதபடி இறுக்கி வைத்துவிடுவார். சின்னவளின் பாட்டில் தினமும் பள்ளிக்கூடம் போய் நிரம்பிய வயிற்றோடு வீடு திரும்புகிறது, பி.டி. மாஸ்டரே முயன்று தோற்றாராம். அப்படிப்பட்டவரைப் போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முட்டுக்காட்டுக்கு மீன் பிடிக்க அழைத்துச் சென்று, இரண்டு திருகுகள் கொண்ட ஒரு பொருளுக்குக் காவலாக உட்காரவைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

அந்தப் பொருள், தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் என் பெயிட்ரன்னர் ரீல். அது ஷிமானோ நிறுவனம் தன் ரீலுக்கு வைத்த பெயர் என்றாலும், நகல் எடுப்பதை எல்லாம் ஜெராக்ஸ் என்று நாம் சொல்வதைப் போல, அந்த வகையில் யார் செய்த ரீலையும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். முன்பக்கத் திருகு, மாட்டிய மீனோடு மல்லுக்கட்டும்போது எவ்வளவு இழுவைக்கு நரம்பு இளகிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. பின்பக்கத்துச் சிறிய திருகு, மீன் இரையைக் கவ்விக்கொண்டு நகரும்போது அதற்குச் சந்தேகம் வராதபடி நரம்பை விட்டுக்கொடுப்பதற்கானது. பின்னாலிருக்கும் நெம்புகோலைத் தட்டிவிட்டால், நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூல் பின்திருகின் பொறுப்புக்குப் போகும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 'டக்' என்று முன்திருகின் பொறுப்புக்குத் திரும்பிவிடும்.

முன்திருகைச் சனிக்கிழமை மாலையே மொட்டை மாடியில் சரிசெய்துவிட்டேன். நரம்பு எவ்வளவு எடை தாங்குமோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக், அதாவது நரம்பு இளகத் தொடங்கும் இழுவை, போகக் கூடாது என்பது வழக்கம். என்னுடையது 20 பவுண்டு, அதாவது 9 கிலோ நரம்பு என்பதால் கணக்கு 3 கிலோவுக்கு வந்தது. தெருமுனையில் பழைய பேப்பர் வாங்குபவரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி, நரம்பின் நுனியை அதில் கட்டி, தராசை மாமா இழுக்க, நான் தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தராசைப் பற்றி என் மனைவி மாதாமாதம் அவரிடம் போடும் சண்டையை வைத்துப் பார்த்தால், உண்மையான 4 கிலோவை அது 3 கிலோ என்று சொல்லக்கூடியது. ஆகையால் முள் இரண்டேகாலில் நின்றபோது நரம்பு நழுவும்படி வைத்துக்கொண்டேன். "இவ்வளவு லூஸாகவா விடுவது, மாப்பிள்ளை?" என்று மாமா கேட்டார். அந்தக் கேள்வியை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறன்று உயிர் மடவை மீன் ஒன்றை இரையாகக் கோத்து வீசி, மணலில் நட்ட பி.வி.சி. குழாயில் கம்பைச் செருகி, நெம்புகோலைத் தட்டிவிட்டு, பின்திருகை நீரோட்டத்துக்கு மட்டும் தாங்கும் அளவுக்கு வைத்தேன். நான் போன பிறகு நீரோட்டம் கொஞ்சம் வேகம் பிடித்திருக்கிறது. நரம்பு டிக், டிக் என்று சிறிது சிறிதாகக் கழன்றிருக்கிறது. 40 வருடமாகச் சொட்டும் குழாய்களைத் தேடித் தேடி மூடிய ஒரு மனிதரின் காதில் அந்தச் சத்தம் எப்படி விழுந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பின்திருகை முடிந்தமட்டும் இறுக்கியிருக்கிறார். சத்தம் நின்றது. மாமா நிம்மதியாக நாளிதழைப் பிரித்திருக்கிறார்.

நான் இரண்டு டீயோடு திரும்பி வந்தபோது, தூண்டில் கம்பு தன்னைச் செருகியிருந்த பி.வி.சி. குழாயையும் பிடுங்கிக்கொண்டு கழிமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டவும் நேரமில்லாமல், மாமா போய்க்கொண்டிருந்தார். முழங்கால் தண்ணீரில் எட்டிப் பிடித்துவிட்டார் என்பதை நியாயமாக ஒப்புக்கொள்கிறேன். அவருடைய 71 வயதில் எனக்கு அது கைகூடாது. "கைப்பிடியைச் சுற்றுங்கள், மாமா!" என்று கரையிலிருந்து கத்தினேன். சுற்றினார். முன்திருகு பொறுப்பேற்றுக்கொண்டு, தராசு சொன்ன சொல் தவறாமல் நரம்பை விட்டுக்கொடுத்தது, ரீல் வீறிட்டது. சொட்டியதையே பொறுக்காதவர், குழாய் உடைந்து பீறிடுவதைப் போன்ற அந்தச் சத்தத்தை எப்படிப் பொறுப்பார்? நான் "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் முன்திருகையும் இறுக்கிவிட்டார். பட்டென்று அறுந்தது.

மன்னார்குடிக்குத் தொலைபேசியில் அவர் சொன்னபடி அது கொடுவா. காலையில் 4 கிலோவாக இருந்தது மாலைக்குள் 7 கிலோ ஆகிவிட்டது. கெளுத்தியாகக்கூட இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. வீட்டுக்கு வரும் வழி நெடுகிலும், காரில் அவரால் எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில், ரீலுக்குள் இருக்கும் வாஷர் என்பது நழுவுவதற்காகவே வைக்கப்பட்டது, நரம்பு கழன்று ஸ்பூலின் சுற்றளவு குறையக் குறைய இழுவை தானாகவே கூடும், ஆகவே எப்போதும் கொஞ்சம் தளர்த்தித்தான் வைக்க வேண்டும், இறுக்கக் கூடாது, இறுக்கவே கூடாது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டு விழித்தேன். சமையலறைக் குழாயும் சொட்டியது. பின்கட்டுக் குழாயும் சொட்டியது. நாங்கள் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இருக்கிறோம். எழுந்துபோய் ஒவ்வொன்றாக இறுக்கினேன். நடுராத்திரிக் கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

காலையில் சமையலறைக் குழாயோடு போராடித் தோற்ற என் மனைவி, "அப்பாவா?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த மாமா மறுக்கவில்லை. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்துபோய், ஒரே திருகில் திறந்து கொடுத்தார்.