கட்டைப் பிரிக்கும் முன்

மூடிப்போன ஒரு கடையின் காகிதங்கள் காப்பகத்துக்கு வந்து இறங்கியதும் கை சும்மா இருக்காது. கடிதம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம் என்று பிரிக்கத் தோன்றும். பிரித்துவிட்டால் பாதி விஷயம் போச்சு.

கணக்குப் புத்தகங்களையே எடுத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் நாள்வாரிப் பதிவு. ஒவ்வொன்றின் அருகிலும் பேரேட்டின் பக்க எண். அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரே ஆளின் கணக்கு தொடர்ச்சியாகக் கிடைக்கும்: எவ்வளவு கடன், எந்த மாதங்களில் அடைத்தார், எப்போது வரத்து நின்றது. பேரேட்டின் பெயர்ப் பட்டியல் சில சமயம் தனி ஏடாக இருக்கும். உதிரித்தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வேறெங்கும் பெயர் பதியாத சில்லறை வாடிக்கையாளர்கள் அதில்தான் அகப்படுவார்கள். குறிப்பேடு ஒரு பெட்டியிலும் பேரேடு இன்னொன்றிலும் போய், தொடர்பை யாரும் எழுதிவைக்காவிட்டால் அந்தப் பக்க எண்களால் பயனில்லை.

மூல ஒழுங்கைக் காக்க வேண்டும் என்பதை முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் என்ற டச்சுக் காப்பாளர்கள் 1898இலேயே விதியாக எழுதிவிட்டார்கள். அதற்காக, இடம் காலி செய்த அவசரத்தில் அள்ளிக் கொட்டிய குவியலைக் கும்பிட வேண்டியதில்லை. புழக்கத்தில் இருந்தபோது எப்படி அடுக்கியிருந்தார்களோ அதுதான் கணக்கு.

பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு அடுக்கையும் மேலிருந்து படம் எடுங்கள். கட்டுக்கு எண் கொடுங்கள். பென்சிலால் மட்டும், உறையின் மேல். துருப்பிடித்த கிளிப்பை இழுத்தால் தாள் கிழியும். கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தாள் துண்டை இருபுறமும் செருகி, கம்பியை மெதுவாகத் தூக்கி எடுக்க வேண்டும். ஒட்டிய டேப்பை நீங்களே உரிக்காதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க வழியில்லை.

வணிகச் சேகரிப்புகளில் அதிகம் வீணாவது, அனுப்பிய கடிதங்களின் நகல்கள் உள்ள கடித நகல் புத்தகம். நகல் எடுத்தது ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற முறையில். ஈரமாக்கிய மெல்லிய தாளைக் கடிதத்தின் மேல் வைத்து அழுத்தினால் மை இடவலம் மாறி ஏறும். தாளின் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். தாள் அவ்வளவு மெல்லியது என்பதால், ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொரு ஏட்டுக்கும் பின்னால் வெள்ளைத்தாள் வைக்காவிட்டால் அடுத்த கடிதமும் சேர்ந்து தெரியும், ஒன்றையும் படிக்க முடியாது. ஈரம் பட்டால் மை பரவும். அனிலின் என்ற செயற்கைச் சாய மை என்றால் வெளிச்சத்திலும் மங்கும். முதுகை அழுத்தி விரிக்காமல், இரு பக்கமும் தாங்கல் கொடுத்துத் திறங்கள்.

புகைப்படங்களை ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்க டிஃப் கோப்பு. பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பெயர்களும் அங்கேதான் இருக்கும். பிவிசி உறை வேண்டாம், பாலியெஸ்டர் போதும். நெகட்டிவில் வினிகர் வாடை அடித்தால் அதன் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதைகிறது. அந்த ஆவி மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால் உடனே தனியே வையுங்கள். மஞ்சளாகிப் பிசுபிசுக்கும் பழைய படச்சுருள் நைட்ரேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும், கட்டடத்துக்குள்ளேயே வைக்காமல் நிபுணரைக் கூப்பிடுங்கள்.

கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்கும்போதே ஒன்றைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள்: பதிப்புரிமை யாருடையது? படத்தை வைத்திருந்தவர் அதைத் தந்துவிட்டார் என்பதாலேயே வெளியிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது; அது படமெடுத்தவரிடமோ அவர் வாரிசிடமோ இருக்கக்கூடும்.