சிவப்புப் புள்ளிகள்

“கடைசியாக எந்தத் தேதியில் பீரியட்ஸ் வந்தது?” என்று மருத்துவர் இன்று காலை என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

வலியோடு பக்கத்து நாற்காலியில் இருந்தவள் என் அக்காள் மகள். வயது 24, அறிவுசார் குறைபாடு உண்டு.

அவள் ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த காலண்டர் தாளை மேசைமேல் விரித்தாள். நாப்கின் வைத்த ஒவ்வொரு நாளிலும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. வலி அதிகமிருந்த நாட்களில் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்தை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்போதும் அடுத்த கேள்வி என்னிடமே வந்தது: “கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் உங்களுக்குத் தொல்லை இருக்காதே?”

1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசுக் காப்பகத்திலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கருப்பையை அகற்றியபோதும் மாதவிலக்குச் சுகாதாரமே காரணமாகச் சொல்லப்பட்டது. 2009இல், சண்டிகர் அரசு இல்லமொன்றில் வன்கொடுமைக்குள்ளாகிக் கருவுற்ற, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் வழக்கில், அவளுடைய சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, விவரம் அறிந்து தாமாகச் சம்மதித்தாலன்றி, மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையும் அவர்களுக்குச் செய்யக் கூடாது என்று பிரிவு 10இல் தெளிவாகச் சொல்கிறது.

கருப்பையை எடுத்தால் கர்ப்பம் நின்றுவிடும். அத்துமீறல் நிற்காது, அதன் தடயம்தான் மறையும். உடலுறுப்புகளின் பெயர்களைப் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தால், யார் எங்கே தொட்டார்கள் என்று அவளே சொல்வாள்.

கேள்வியை அவளிடமே கேட்கும்படி வேண்டினேன். “எங்கேம்மா வலிக்கிறது?” என்றதும், தன் அடிவயிற்றின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.