ரிப்போர்ட்டில் கிருமி இல்லையாம்

எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கும் என்னிடம் மருந்தைப் பற்றிக் கேட்பவர்களைவிடக் கடவுளைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். "நான் என்ன பாவம் செய்தேன்?" என்பது அதில் முதல் கேள்வி. வைரஸுக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் தலையாட்டுவார்கள். கேள்வி போகாது.

முன்பு எஃபாவிரென்ஸ் என்ற மாத்திரை பரவலாகப் புழக்கத்தில் இருந்தது. இரவு படுக்கும்முன் போட வேண்டும். தலை சுற்றும், நிஜம்போலவே கனவு வரும், சில நேரம் பயங்கரமாக. லாரி ஓட்டுநர் ஒருவர், இறந்துபோன தன் அப்பா கனவில் வந்து திட்டுவதாகச் சொன்னார். செய்த தப்புக்குத் தண்டனை என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். இது மருந்தின் பக்கவிளைவுதான், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும் என்றேன். அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. "அப்ப அப்பா வர மாட்டாரா?" என்று கேட்டார். இதற்கெல்லாம் பயிற்சி வகுப்பில் பதில் சொல்லித் தருவதில்லை.

பாவம் ஒரு பக்கம் என்றால், அற்புதம் இன்னொரு பக்கம்.

தவறாமல் மாத்திரை போட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் வைரஸின் அளவு சோதனையில் பிடிபடாத அளவுக்கு இறங்கிவிடும். வைரல் லோடு ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று இருக்கும். இது சாதாரணச் செய்தி இல்லை. 2016-லும் 2019-லும் வெளியான, ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்த 'பார்ட்னர்' என்ற ஆய்வுகளில், சிகிச்சையால் இந்த நிலைக்கு வந்தவர்களிடமிருந்து துணைக்கு உடலுறவு வழியாக ஒரு தொற்றுகூடப் பரவவில்லை.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு பெண் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போனார். நோயின் பெயரைச் சொல்லாமல், தீராத வியாதி தீர்ந்தது என்று சாட்சி சொன்னார். கூட்டமே கைதட்டியது. சுகமான பிறகு மாத்திரை எதற்கு? நிறுத்திவிட்டார். வைரஸோ எங்கும் போகவில்லை. நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 என்ற வெள்ளை அணுக்கள் சிலவற்றுக்குள் உறங்கிக் கிடக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே பெருகத் தொடங்கிவிடும். அவர் திரும்பி எங்களிடம் வந்தபோது காசநோயும் கூட வந்திருந்தது.

மையத்தில் எல்லோருக்கும் அந்தக் கூட்டத்தை நடத்தும் போதகர்மேல் கோபம். எனக்கும்தான். ஆனால் அந்தப் பெண் சொன்ன ஒன்று கோபத்தை மட்டுப்படுத்தியது. வீட்டில் அவருக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. எங்களிடம் கிடைப்பது மாதத்துக்குப் பத்து நிமிடம். பிரார்த்தனைக் கூட்டத்தில் மட்டும்தான் வாரந்தோறும் ஒருவர் அவர் தலையில் கை வைக்கிறார்.

1985-ல் அன்னை தெரசா நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஓர் இல்லம் திறந்தபோது, இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. 1987 ஏப்ரலில் இளவரசி டயானா லண்டன் மருத்துவமனை ஒன்றில் கையுறை போடாமல் ஒரு நோயாளியிடம் கைகுலுக்கியது உலகமெங்கும் செய்தியானது. கொடுப்பதற்குக் கையைத் தவிர பெரிதாக எதுவும் இல்லாத காலம். 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து சாவைத் தள்ளிப்போட்டது. அப்புறம் மாத்திரையை நீட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது மருத்துவத் துறை என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு போதகரைப் போய்ப் பார்த்தேன். "மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவே இல்லையே, சிஸ்டர்" என்றார். "தொடரச் சொல்லியும் சொல்லலையே, ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வாரத்திலிருந்து கூட்டம் முடியும்போது ஓர் அறிவிப்பு: டாக்டர் சொல்லாமல் யாரும் எந்த மருந்தையும் நிறுத்தக்கூடாது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் அதில் அடக்கம். யாரையும் காட்டிக்கொடுக்காத அறிவிப்பு. அவ்வளவு நுட்பத்தை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் மாத்திரை போட வேண்டும். பாட்டிலின் லேபிளை உரித்து, குலுங்கும் சத்தம் கேட்காதபடி உள்ளே பஞ்சு வைத்திருந்தார். வழியைக் கண்டுபிடித்ததும் அவர்தான். இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம். ஜெபிக்கிறவர் கதவை யாரும் தட்டுவதில்லை. முடித்ததும் மாத்திரை. வைரல் லோடு மறுபடியும் இறங்கிவிட்டது.

போதகரோடு எனக்கு இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி. பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் எடுக்கும் உதாரணம், தாயிடமிருந்து தொற்று பெற்ற குழந்தை. இல்லாவிட்டால் கணவனால் தொற்று பெற்ற மனைவி. போதை ஊசி போட்டுக்கொண்டவர், பாலியல் தொழிலாளி, ஆணோடு உறவு வைத்த ஆண் யாரும் அவர் பேச்சில் வருவதில்லை. இவர்களுக்கும் அதே மாத்திரையைத்தான் கொடுக்கிறோம், எப்படி வந்தது என்று கேட்டுக் கொடுப்பதில்லை என்றேன். "சபையில மெதுவாத்தான் சொல்லணும், சிஸ்டர்" என்கிறார். எவ்வளவு மெதுவாக என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. சபை மூப்பர்களை மையத்துக்கு அழைத்துவர மட்டும் சம்மதித்திருக்கிறார்.