ஐந்திலிருந்து இரண்டுக்கு

ட்ராக்கில் ஓடும் கார்களைப் பராமரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை எனக்கு. போர்ஷே 911 ஜிடி3தான் அதிகம் வரும். வாங்க நினைப்பவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: கையால் கியர் மாற்றும் மேனுவலா, தானே மாற்றும் போர்ஷேயின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸான பிடிகேவா?

கேட்கும்போதே கணக்கோடு வருவார்கள். 2021-இல் வந்த 992 தலைமுறை ஜிடி3, பிடிகேவில் 3.4 நொடியில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும், மேனுவலில் 3.9. எடையோ மேனுவலில் 17 கிலோ குறைவு. சரி, ஆனால் ட்ராக்கில் யார் ஒவ்வொரு சுற்றையும் நின்ற இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்?

ஒருமுறை பழைய மேனுவல் ஜிடி3 ஒன்றைச் சோதித்துச் சொல்லும்படி அதை வாங்க இருந்தவர் கேட்டார். பெயின்ட் பளபளப்பு, டயர் புதிது. லேப்டாப்பைச் செருகினேன். எல்லை மீறிய இன்ஜின் சுழற்சிகளை இந்தக் காரின் கம்ப்யூட்டர் ஆறு அடுக்காகப் பிரித்து, இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணிநேரத்தில் கடைசியாக நடந்தது என்பதோடு குறித்து வைக்கும். கீழ் அடுக்குகளில் எண் இருந்தால் பயமில்லை. இன்ஜின் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரைத் தொட்டாலே ஏறிவிடும். மேல் அடுக்குகள் அப்படியல்ல. ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும் அவசரத்தில் கை இடதுபக்கம் கூடுதலாகச் சாய்ந்து இரண்டில் விழுந்தால்தான் அங்கே எண் ஏறும். லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும்போது அது என்ன செய்யும்? நிமிடத்துக்கு 9000 சுழற்சிக்குக் கட்டிய இன்ஜின் அதையும் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம்.

ஐந்தாவது அடுக்கில் எண் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், விற்க வந்தவர் "ஒரே ஒரு தடவைதான் சார்" என்றார்.

பிடிகேவில் இந்தத் தவறுக்கு இடமில்லை. தகாத கியரைக் கேட்டால் அது இறங்காது. அதனால்தான் பிடிகே கார்களின் அறிக்கை படிக்கச் சலிப்பாக இருக்கும்.

போர்ஷேவுக்கே இதில் தடுமாற்றம் இருந்தது. 2013-இல் வந்த முந்தைய தலைமுறையான 991 ஜிடி3 பிடிகேவோடு மட்டுமே வந்தது, ரசிகர்கள் கொதித்தார்கள். 2016-இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர், மொத்தம் 991 கார்கள். அடுத்த ஆண்டு ஜிடி3-க்கே மேனுவல் திரும்பியது. பெரிய இறக்கையை எடுத்துவிட்ட டூரிங்கும் அப்போதுதான் வந்தது, அதுவும் மேனுவலில் மட்டும். ட்ராக்குக்கென்றே இன்னும் கூர்மையாக்கிய ஜிடி3 ஆர்எஸ்ஸில் மட்டும் 2015 முதல் இன்றுவரை பிடிகேதான். நியாயம்தான் என்பேன், அந்தக் காரை வாங்குபவர் நேரத்தைத்தான் துரத்துகிறார். இறக்கையில்லா டூரிங்கைத் தேடி வருகிறவரிடம் 3.4, 3.9 என்று பேசுவது வீண்.

அந்தப் பழைய காருக்கு, சிலிண்டரில் காற்றழுத்தம் கசிகிறதா என்று பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட் செய்தோம். ஆறு சிலிண்டரும் சரியாக இருந்தன. தவறு நடந்த பிறகும் பல மணிநேரம் ஓடியிருந்தது. சோதிக்கச் சொன்னவர் துணிந்து வாங்கிவிட்டார். அப்புறம் முதல் ட்ராக் நாள் முடிந்து ஆயில் மாற்ற வந்தவர், ஆயிலைப் பற்றிப் பேசவே இல்லை. "முதலில் லேப்டாப்பைச் செருகுங்கள்" என்றார்.